மதுரையைத் தாண்டும் பாட்டரி

முனைவர் பட்டத்துக்காக நாட்டுப்புறக் கதைகள் சேகரிக்கிறாள் ஒரு மாணவி. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அவளுக்குக் கதை சொல்ல ஒரு பாட்டி கிடைத்தார். ஆனால் ரெக்கார்டரைக் கண்டால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். அதனால் காதால் கேட்டு, நோட்டில் நாலு வார்த்தை கிறுக்கிக்கொண்டு, சென்னை திரும்பும் இரவு ரயிலில் முழுசாகத் தட்டச்சு செய்துவிடுவது என்று ஏற்பாடு.

கையில் இருந்ததோ அண்ணன் உபயோகித்துக் கழித்த இரண்டரைக் கிலோ லேப்டாப். மதுரை வருவதற்குள் அதன் பாட்டரி மூச்சை விட்டது. சரி, பெட்டியில் பிளக் இருக்கிறதே என்று செருகினால் அதிலும் உயிரில்லை. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அந்த பிளக்குகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும்படி 2021-ல் ரயில்வே சொன்னது, தீ விபத்துக்குப் பயந்து. விடிந்தபோது கதை நினைவில் இருந்தது, பாட்டி சொன்ன சொற்கள்தான் இல்லை. அடுத்த மாதம் போய் மறுபடி கேட்டால், பாட்டி அதே கதையை வேறு மாதிரி சொல்கிறார்! போனது போனதுதான்.

ஆக, புது மெஷின் வேண்டும். கையிருப்பு இருபதாயிரம். "ஏம்மா, வாங்குறதுதான் வாங்குற, ஐ7, 16 ஜிபி ராம்னு நல்லதாப் பாத்து வாங்கு. மேற்கொண்டு நான் போட்டுத் தர்றேன்" என்றார் சித்தப்பா. நல்ல மனசு. ஆனால் கணக்கு என்ன? யூனிகோடில் (யுடிஎஃப்-8) ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஆயிரம் பக்க நாவலே சுமார் 6 எம்பி-தான் வரும். எழுத்துக்கு ஐ7 எதற்கு? அவளுக்கு வேண்டியது மூன்றே மூன்று: விரல் நோகாத கீபோர்டு, விடியும்வரை தாங்கும் பாட்டரி, தோளை இறக்காத எடை.

இந்தத் தேவை இன்று நேற்று வந்ததல்ல. 1983-ல் அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. திரையில் எட்டே வரி, வரிக்கு 40 எழுத்து. ஆனால் நாலு பென்டார்ச் செல் போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். பத்திரிகையாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். பிறகு வந்த அல்ஃபாஸ்மார்ட் நியோ மூன்று செல்லில் 700 மணி நேரம் ஓடும் என்றார்கள். 2013-ல் அதன் தயாரிப்பு நின்றது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அதன் திரைக்குத் தமிழ் தெரியாது. 2007-ல் ஏசுஸ் கம்பெனியின் ஈ பிசி வந்தது: 7 அங்குலத் திரை, 4 ஜிபி இடம், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. தமிழ் வரும்தான். ஆனால் கீபோர்டு குழந்தை விரலுக்குச் செய்த மாதிரி. 2010-ல் ஐபேட் வந்தபின் அந்த நெட்புக் வகையே சில வருடங்களில் காணாமல் போனது.

இப்போது என்ன கிடைக்கிறது? செல்போனும் புளூடூத் கீபோர்டும்தான் ஆக மலிவு. தோழியிடம் இரவல் வாங்கிப் பார்த்தாள். மேஜை இருந்தால் சுகம். ரயில் பெர்த்தில் மடிதான் மேஜை, வண்டி குலுங்கும்போதெல்லாம் போன் சரிந்து விழுகிறது. அடுத்து, பழைய குரோம்புக். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருடம் என்று 2023-ல் கூகிள் அறிவித்தது. அவள் பட்ஜெட்டில் அகப்பட்டவை அதற்கும் முந்தையவை.

கடைசியில் கண்ணில் பட்டது, ஆபீஸ்களில் உழைத்து ஓய்ந்து செகண்ட் ஹேண்ட் கடைக்கு வந்த திங்க்பேட் எக்ஸ்250. 12.5 அங்குலத் திரை, ஒன்றரைக் கிலோ சொச்சம். உள்ளே ஒரு பாட்டரி, பின்னால் கழற்றி மாட்டும்படி இன்னொன்று. உள்ளே இருப்பதில் சார்ஜ் இருந்தால் மெஷினை அணைக்காமலே பின்னால் உள்ளதை மாற்றலாம். இதன் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனாலேயே விலை மலிவு! லினக்ஸ் மின்ட் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.

கடைக்காரர் பிராசசர், ராம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்த்தாள். 'இதென்ன பொண்ணு!' என்கிற மாதிரி பார்த்தார் அவர். ஒரு மெஷினில் ஸ்பேஸ் பார் பத்துக்கு ஒரு தடவை ஏமாற்றியது. பெயர்ப்பட்டியலில் தெரியாத சங்கதி அது. அடுத்ததை எடுத்துக்கொண்டாள். மிச்சப் பணத்தில் பின்பக்கத்துக்குப் புதிதாக இரண்டு பாட்டரி. சித்தப்பா காசு அவர் பையிலேயே இருந்தது.

அடுத்த முறை பாட்டி சொன்னது நீளமான கதை. மதுரை போனது, திண்டுக்கல் போனது. பெட்டியே விளக்கணைத்துத் தூங்கியது. வெளிச்சத்தை அடியோடு குறைத்துக்கொண்டு அவள் தட்டிக்கொண்டிருந்தாள். திருச்சி தாண்டி பாட்டரியை மாற்றினாள். விழுப்புரத்துக்கு முன்பே கதை முடிந்தது, பாட்டியின் வசவுகள் உட்பட ஒரு சொல் விடாமல்.