கோ... நோ-கோ!

காலை ஷிஃப்ட் பஸ் ஒரகடம் ஜங்ஷன்ல திரும்பினா போதும், யாராவது ஒருத்தன் "புல்லட் ஃபேக்டரிடா!" என்று கத்துவான். 2013-ல இருந்து ராயல் என்ஃபீல்டு அங்கே ஓடுது. நான் இருக்கிறது அதே ரோட்டுல வேற கம்பெனி. ஒரு வருஷ அப்ரண்டிஸ்.

ஊருக்குப் போனப்ப தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். 85 வயசு. ராணுவத்துல ஆர்மரர், அதாவது துப்பாக்கி மெக்கானிக். "அந்தப் பேரே துப்பாக்கி ஃபேக்டரி பேருதான்டா" என்றார்.

நிஜம்தான். இங்கிலாந்தில், என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த கம்பெனி, 1893-ல் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. முதல் பைக் வந்தது 1901-ல்.

தாத்தாவின் 'பேஷன்ட்'டும் என்ஃபீல்டுதான். த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்! 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் அதற்கு விடை கொடுத்தது.

"ரைஃபிள் தேய்ஞ்சா போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல இடைவெளி கூடும். சுடும்போது தோட்டாக் கூடு கிழியும். சுடுறவனுக்கே ஆபத்து. 'கோ' கேஜ் வெச்சா போல்ட் மூடணும். 'நோ-கோ' வெச்சா மூடக் கூடாது. மூடிட்டா, போல்ட் தலையைக் கழற்றி அடுத்த நம்பர் போடணும்."

நம்பர் 4 ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை தலைகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மயிரிழை நீளம்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "தாத்தா, நானும் தினமும் கோ, நோ-கோதான் பிடிக்கிறேன்!"

"நோ-கோ உள்ளே போனா என்ன பண்ணுவே?"

"ரிஜெக்ட் டப்பாவுல போடுவேன்."

"ஏன் போச்சுன்னு பார்ப்பியா?"

முழிச்சேன். லைன்ல ஒருமுறை கேட்டதுக்குக் கிடைச்ச பதில்: "கவுன்ட்டைப் பாருப்பா!"

தாத்தா விடலை. "தலையை மாத்துறதுக்கு முன்னாடி அழுக்கா, தேய்மானமா, வேற ரைஃபிள் போல்ட்டை மாட்டிட்டானான்னு பார்ப்பேன். போல்ட்லயும் பாடியிலயும் ஒரே நம்பர் இருக்கணும்."

அடுத்த வாரம் லஞ்ச் பிரேக்ல, ரிஜெக்ட் ஆன பத்து பீஸை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே மெஷின்ல வந்தது! ஆபரேட்டர் அண்ணன்கிட்ட காட்டினேன். டூல் ஹோல்டர் லேசா லூஸ். கைதட்டல் எல்லாம் கிடையாது. அண்ணன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச்சோட என் அப்ரண்டிஸ் முடியுது. என் இடத்துல அடுத்த நாளே வேற ஒருத்தன் நிப்பான். தெரியும். ஆனா அடுத்த இன்டர்வியூல "உனக்கு என்ன தெரியும்?"னு கேட்டா, கேஜ் பிடிக்கத் தெரியும்னு மட்டும் சொல்ல மாட்டேன்.