மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால ஆறு பேர்

காலையில இன்டர்னல்ஸ். ராத்திரி மணி ரெண்டு. நோட்ஸைத் திறந்து வச்சிட்டு, கைவிடப்பட்ட இடங்களைப் பத்தின வீடியோ ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணுன்னு பார்த்துக்கிட்டு இருந்த ஆள்தானே நீங்க? வெட்கப்படாதீங்க, நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் அப்படித்தான். 1964 புயலுக்கு அப்புறம் தனுஷ்கோடியில சுவர் மட்டும் மிஞ்சின சர்ச், உள்ளே மரம் முளைத்த பங்களா, யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம். பேய் ஒண்ணும் வரப்போறதில்லைன்னு தெரியும். ஆனாலும் விரல் நகராது.

பழைய படம்னாலே ஏன் ஒரு மாதிரி இருக்கு? இதில் பாதி அமானுஷ்யம் இல்லை, நம்ம சிலபஸ்தான். 1838-ல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை டாகேர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். பகல் நேரம், கூட்டம் நிறைந்த தெரு. ஆனால் படத்தில் ஈ காக்கா இல்லை. எக்ஸ்போஷர் பல நிமிடம் என்பதால் நடந்தவர்கள், வண்டிகள், குதிரைகள் யாருமே பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரே இடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் சின்னதாகத் தெரிவார். நம்ம பக்கம் 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப்பின் கோயில் படங்களும் அப்படித்தான் ஆளில்லாமல் கிடக்கும். அவர் காகித நெகட்டிவில் எடுத்தவர். அசையாதது மட்டும்தான் அதில் தங்கும். ஊரே செத்துப்போன மாதிரி நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஊர் உயிரோடு நடமாடிக்கொண்டு இருந்ததுதான்!

சரி, எங்க ஊருக்கு வருவோம். நான் தென்காசி. ஊர் பேரைச் சொன்னதும் "ஓ, குத்தாலமா!" என்பீர்கள். பழகிடுச்சு.

குற்றாலத்தை நீங்கள் ஆனி, ஆடியில் பார்த்திருப்பீர்கள். சாரல், எண்ணெய் மசாஜ், வாகன நெரிசல், மெயின் அருவியில் போலீஸ் விசில். பங்குனியில் ஒருதடவை வாருங்கள். அருவி விழுந்த இடத்தில் வெறும் பாறை ஈரம்கூட இல்லாமல் நிற்கும். கடைகள் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கும். குரங்குகள் நம்மைப் பார்த்து "இப்ப எதுக்கு வந்தே?" என்பது போல உட்கார்ந்திருக்கும். அங்கங்கே பூட்டிய பழைய பங்களாக்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே வெள்ளைக்காரர்கள் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார்கள். பின்னால் ஜமீன்தார்கள் சீசனுக்கு வந்து தங்க வீடு கட்டினார்கள். திருவிதாங்கூர் ராஜா கட்டிய அரண்மனை இன்னமும் கேரள அரசின் சொத்தாகக் குற்றாலத்தில் இருக்கிறது. இதில் பாதிக்குமேல் யூடியூபில் "பேய் பங்களா" ஆகிவிட்டது. நான் பார்த்தவரைக்கும் ஒவ்வொரு பேய் பங்களாவிலும் ஒரு வாட்ச்மேன் அண்ணாச்சி லுங்கியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு இருக்கிறார்.

ஆனால் எங்க ஊரின் நிஜமான மர்மம் குற்றாலத்தில் இல்லை. தென்காசிக்கு நடுவில், எல்லோர் கண்ணுக்கும் எதிரே, இப்போது இல்லாமல் இருக்கிறது.

காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரத்தைச் சொல்கிறேன். ஒன்பது நிலை, சுமார் 180 அடி. பஸ்ஸில் வரும்போது தூரத்திலேயே தெரியும். கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். இதை நீங்கள் பாண்டியர் கோபுரம் என்று நினைத்தால் பாதிதான் சரி. கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டினான். ஆனால் நீங்கள் இன்று பார்க்கும் கோபுரத்துக்கு 1990-ல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. தினத்தந்தி சிவந்தி ஆதித்தனார் முன்னின்று கட்டினார். அதாவது கோபுரத்தின் மேல்நிலைகளுக்கு நம்ம சீனியர் சாருடைய வயசுகூட இருக்காது.

அதற்கு முன்னால்? நடுவில் வாய் பிளந்து, உச்சி இல்லாமல், ரெண்டு துண்டாக, செடி முளைத்து நின்றது. இடி விழுந்தது என்பார்கள். தீப்பிடித்தது என்றும் சொல்வார்கள். எப்படியோ, தலைமுறை தலைமுறையாக எங்க ஊர்க்காரர்களுக்குக் கோபுரம் என்றால் அந்தப் பிளந்த கோபுரம்தான். பேரே மொட்டைக் கோபுரம். அதன் கறுப்பு வெள்ளைப் படத்தை முதல்தடவை பார்த்தபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. தினமும் பார்க்கிற முகத்தின் எலும்புக்கூட்டை எக்ஸ்ரேயில் பார்த்த மாதிரி.

இன்னொரு விஷயம் இதைவிடச் சிலிர்க்கும். பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலில் ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இங்கே ஏதாவது சிதைவு வந்து, அதை யாராவது சரிசெய்தால், அவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் பொருள். கட்டும்போதே இடிவதை யோசித்த ராஜா! ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணும்போதே மெயின்டனன்ஸ் பற்றி யோசிக்கிற ஆளை நம்ம டிபார்ட்மென்ட்ல காட்டுங்க பார்ப்போம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்க ஆச்சியால்.

ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. ரத வீதியில் வீடு. ரெண்டு வருஷமாக மறதி. சாப்பிட்டது மறக்கும், என் பேர் சில நாள் மறக்கும். போன லீவில் மாடியில் உட்கார்ந்து கோபுரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவர், "ஏட்டி, இது எந்த ஊரு கோபுரம்?" என்று கேட்டார். நம்ம ஊருதான் ஆச்சி என்றேன். "போட்டி, நம்ம ஊருக் கோபுரம் இப்படியா இருக்கும்?" என்று சிரித்துவிட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே நம்பவில்லை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு படம் இருந்தது. மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ஆறு பேர். அதைக் கையில் கொடுத்ததும் ஆச்சியின் முகமே மாறிவிட்டது. "இதுல்லா நம்ம கோவிலு." கோபுரத்தின் பிளவை விரலால் தடவினார். "இதுக்குள்ள கிளியா அடையும், சாயங்காலம் ஆனா ஒரே சத்தம்." பிறகு வரிசையாகப் பேர் சொன்னார். இது உன் தாத்தா, இது அவுக அக்கா, இது பெரிய மச்சான், இது நான்.

எனக்குத் திகிலாக இருந்த படம் அவருக்கு வீடு. அவருக்கு அந்நியமாக இருப்பது எனக்கு வீடு.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. முகம் தெரியாத குடும்பப் படங்களை நெட்டில் நாம் அவ்வளவு ரசிப்பதற்குக் காரணம், அதில் யாருக்கும் நாம் எதுவும் பட்டிருக்கவில்லை என்பதுதான். இந்தக் குழந்தை என்ன ஆனதோ, இந்தப் பொண்ணு ஏன் சிரிக்கலையோ என்று ஒரு நிமிடம் கதை கட்டிவிட்டு ஸ்க்ரோல் பண்ணிவிடலாம். ஆனால் அவை எல்லாமே ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வரிசையாகப் பேர் சொன்ன படங்கள். பேர் சொல்ல ஆள் இல்லாமல் போன நாளில்தான் அவை அமானுஷ்யம் ஆயின. எங்க படமும் அந்த வாசலில்தான் நிற்கிறது. ஆச்சி இருக்கும்வரை அது குடும்பப் படம்.

அதனால் வேலையில் இறங்கினேன். முதலில் படத்தைக் காப்பாற்ற வேண்டும். எங்க பக்கத்துச் சாரல் காற்று படங்களுக்கு எமன். காகிதத்தின் மேலே இருக்கும் ஜெலட்டின் ஈரத்தை இழுக்கும், பூஞ்சைக்கு அது விருந்து. கண்ணாடி ஃப்ரேமில் அழுத்தி மாட்டினால் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகமே உரிந்து வந்துவிடும், ஃப்ரேமோடு சேர்த்து ஸ்கேன் பண்ணுவதுதான் புத்தி. ஒரு வேடிக்கை: கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி, அது நின்று பிடிக்கும். அம்மாவின் எண்பதுகளின் கலர் ஆல்பத்தில் எல்லோரும் சிவந்து கிடக்கிறார்கள். சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளுத்துப்போவதால் வரும் வினை. பேத்தி காலத்தில் அம்மா படம் போய்விடும், ஆச்சி படம் இருக்கும் போல. 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணி, பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாகப் பேர் எழுதினேன். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

அடுத்து தேதி. பின்னால் ஸ்டுடியோ முத்திரை அழிந்துவிட்டது. கோபுரத்தில் சாரம் கட்டவில்லை, ஆகவே திருப்பணிக்கு முன்னால். ஒருவர் கையில் குடை, தரை ஈரம், ஆகவே சாரல் சீசன். ஆச்சியின் கழுத்தில் தாலி புதுசாக மின்னுகிறது, ஆகவே கல்யாணத்தை ஒட்டி, அறுபதுகளின் கடைசி. இதைத் துப்பறிந்து முடித்ததும் கேட் 2 படித்ததைவிடச் சந்தோஷமாக இருந்தது. (எச்ஓடி சார் படித்தால் மன்னிக்கவும்.)

ஆறு பேரில் ஐந்து பேருக்குப் பேர் கிடைத்துவிட்டது. ஆறாவது ஆள்தான் பிரச்சினை. குடை வைத்திருக்கும் அந்த இளைஞர். ஒல்லி, மீசை அரும்புகிறது, எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் மேலே கோபுரத்தைப் பார்க்கிறார். ஆச்சி ஒருநாள் தன் தம்பி என்றார். மறுநாள் தாத்தாவோடு கடையில் வேலை பார்த்தவர் என்றார். மூன்றாம் நாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் பாவம் என்று எவ்வளவோ கேட்டேன். காப்பி கேட்டார்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நாற்பத்தொரு பேர் இருக்கிற குரூப். பதினாறு கும்பிடு, ரெண்டு ரோஜாப்பூ, ஒரு குட் மார்னிங். சித்தப்பா மட்டும் தனியாகப் போன் பண்ணினார். சுரண்டையில் தாத்தாவின் சித்தி மகள் ஒருவர் இருக்கிறாராம், ஆச்சியைவிட மூத்தவர், ஞாபகம் கத்தி மாதிரியாம். கண்ணுதான் சரியாகத் தெரியாதாம்.

செமஸ்டர் முடிந்த மறுநாள் சுரண்டைக்குப் பஸ் ஏறுகிறேன். அந்த ஆறாவது ஆளை மட்டும் ஏ3 தாளில் பெரிசாகப் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன்.