சுன்னாகம்: கிணற்றில் எண்ணெய் மிதந்த ஊர்

யாழ்ப்பாணம் நகரத்திலிருந்து காங்கேசன்துறைச் சாலையில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் சுன்னாகம். செக்கச்செவேலென்ற மண். வெங்காயம், கத்திரி, மிளகாய், வாழை, புகையிலை என்று பாத்தி பாத்தியாகப் பயிர். விளைந்தது எல்லாம் சுன்னாகம் சந்தைக்கு வந்துவிடும். ஆனால், சுற்றுவட்டாரத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மழைக்காலத்தோடு சரி. குடிக்க, குளிக்க, பயிருக்குப் பாய்ச்ச எல்லாமே கிணற்று நீர்தான். அந்தக் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். இப்போது மோட்டார்.

செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. வெடிப்பும் பொந்துமாக இருக்கும் பாறை அது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அந்தப் பொந்துகளில் இறங்கித் தங்குகிறது. அடியில் கடல்நீர், அதன்மேல் மெல்லிய படலமாக நல்ல நீர். புத்தூர் அருகே உள்ள நிலாவரைக் கிணற்றில் இதைச் சோதித்தே பார்க்கலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. மழை எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறதோ, மற்றதும் அதே வேகத்தில் இறங்கும். அதுதான் சுன்னாகத்தின் வரமும் சிக்கலும்.

இந்த மண்ணின் மேல்தான் எண்ணெயை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்தது. கழிவு எண்ணெய் மண்ணில் இறங்கியது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் வாடையும், தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலமும் தெரிய ஆரம்பித்தன. இலங்கையின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 கடைசியிலிருந்து 2014 நடுப்பகுதி வரை 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. தெருவோரம் தொட்டி வைத்து, பவுசரில் குடிதண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் நிலை வந்தது.

அதற்கு மேல்தான் குழப்பம். மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, பயப்படும்படியான கலப்பு இல்லை என்ற பொருளில் அறிக்கை கொடுத்தது. கிணற்றுக்காரர் எதை நம்புவார்? வாளியில் மணக்கிறது, காகிதத்தில் மணக்கவில்லை! கடைசியில் விஷயம் கொழும்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2 கோடி ரூபாய் (இலங்கைப் பணம்) இழப்பீடு கொடுக்கும்படி தனியார் மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

ஒரே ஊர்த் தண்ணீருக்கு இரண்டு விதமான முடிவு வருவதில் பெரிய அதிசயமில்லை. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. நீர்மட்டத்தின் மேலேயே நிற்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது கூடவே இறங்கி, வழியில் உள்ள பாறையில் ஒட்டிக்கொள்ளும். மழையில் மட்டம் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். அதனால் தை மாதத்துத் தண்ணீரும் ஆவணி மாதத்துத் தண்ணீரும் ஒரே முடிவைத் தராது. ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்து ‘இருக்கிறது’ என்று வேண்டுமானால் சொல்லலாம். ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரே கிணற்றை வருடத்துக்கு இரண்டு தடவையாவது, நீர்மட்டத்தையும் அளந்து குறித்து, தொடர்ந்து சோதித்தால்தான் நிலவரம் பிடிபடும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசச் சொல்வார்கள். எண்ணெய்ப் பரிசோதனைக்கு அலசவே கூடாது. அலசினால் எண்ணெய் பாட்டில் சுவரில் ஒட்டி, கணக்கு தப்பாகிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலும் ஆகாது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடி பாட்டில்தான். மோட்டார் போட்டு அடியிலிருந்து இழுத்த தண்ணீர், மேலே மிதப்பதைக் காட்டாமல் போகலாம். ஆய்வுக்கூடத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் தரும் பாட்டிலிலேயே எடுத்து, குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோவது நல்லது.

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் இன்னொரு பழைய சங்கதியும் உண்டு. எண்ணெய் பேச்சு வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே பல கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாண்டி நிற்கிறது. யூரியாவும் மலக்குழியும் அதே பொந்துகள் வழியாகத்தான் இறங்குகின்றன. அதற்கு எந்த மின் நிலையத்தையும் குறை சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பங்க் மூடினாலும், தரைக்குள் இருக்கும் பழைய இரும்புத் தொட்டி துருப்பிடிப்பதை நிறுத்தாது. தொட்டியைத் தோண்டி எடுத்தார்களா, எண்ணெயை வடித்துவிட்டு அப்படியே மூடினார்களா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும். படலம் தெரியாத கிணற்றிலும் இருக்கும். அதனால் ‘எண்ணெய், கிரீஸ்’ சோதனையோடு பென்சீனையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் உப்பையும் கடினத்தன்மையையும் மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.