கோலகங்சாரில் ஒரு மரம், ஒரு மெட்டு

ஈப்போவிலிருந்து வடக்கே புறப்பட்டால் சுங்கை சிப்புட்டைத் தாண்டிக் கோலகங்சார் வந்துவிடும். பேராக்கின் அரச நகரம். பலரும் உபுடியா பள்ளிவாசலைப் பார்த்து, ஆற்றோரத்தில் ஒரு லக்சா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மாவட்ட அலுவலகம் பக்கம் நிற்கும் கிழட்டு ரப்பர் மரத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். 1877இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து இவ்வூரில் நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது அது என்கிறார்கள். நம் பாட்டன் பாட்டிகளைக் கப்பலேற வைத்த பால்மரங்களுக்கு மூத்த மரம் அது.

அதே 1877இல் பேராக்கிலிருந்து வேறொருவர் கப்பலேற்றப்பட்டார். பாசிர் சாலாக்கில் 1875இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்ட விவகாரத்தில், சுல்தான் அப்துல்லா சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே பலரும் முணுமுணுத்த ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு, அரச குடும்பத்தின் வழியாகப் பேராக் வந்து சேர்ந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அது மாநிலப் பண்ணானது. பங்சாவான் மேடைகளில் 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாகவும் வலம் வந்தது. 1957இல் 'நெகாராகூ' ஆனது. திங்கட்கிழமை சபைகூடலில் நாம் நிமிர்ந்து நின்று பாடிய மெட்டுக்கு இப்படி ஒரு பயணம்!

இதுபோன்ற கதைகளைத் தேடிப் போவதையே வேலையாகக் கொண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. சட்டம் படித்து இசையமைப்பாளரான சைடா ரஸ்தாம், பழைய மலாய்ப் பாட்டுகளின் வரலாற்றை 2014இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 'ரோசலி' என்ற அந்தப் பிரெஞ்சுப் பாட்டின் பெயர்தான் நூலின் தலைப்பிலும் இருக்கிறது. பக்கத்து மாநிலமான பினாங்கில் பால் அகஸ்டின், ஜாஸ் விழா நடத்தியதோடு நிற்கவில்லை. ஜேம்ஸ் லோக்ஹெட்டுடன் சேர்ந்து 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கின் ஜனரஞ்சக இசையைப் புத்தகமாக்கினார். கொம்தாரில் 'பினாங்கு ஹவுஸ் ஆஃப் மியூசிக்' என்ற இசைக் காட்சியகத்தையும் உருவாக்கினார்.

இசைக் காட்சியகத்தில் பாடம் சொல்பவரின் வேலை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வானொலியைச் சுட்டிக்காட்டுவதோடு முடிவதில்லை. அந்த வானொலியைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்தப் பாட்டுக்குக் காத்திருந்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைக்குப் புரிய வைக்க வேண்டும். அதற்கு முதலில் யாராவது முதியவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் சுங்கை சிப்புட்டைக் கடக்கும்போது இந்த நினைப்பு நெஞ்சில் தைக்கிறது. இருபுறமும் செம்பனை. ஒரு காலத்தில் இங்கே பால்மரமும் லயங்களும் பெரட்டுக் களமும் இருந்தன. விடியுமுன் பெரட்டு மணி, தொட்டிலருகே தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, மாரியம்மன் திருவிழாவில் உறுமி, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு என்று தோட்டத்துக்குத் தனி இசை இருந்தது. தோட்டத் துண்டாடல் வந்தபோது, இவ்வூர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. மண்ணைக் காக்க அப்படி ஒரு சங்கம் கிடைத்தது. பாட்டுகளைக் காக்க யார் பங்கு கட்டினார்கள்?

தோட்டத்தை விட்டு வந்தவர்களோடு உறுமி மட்டும் நகரத்துக்கு வந்துவிட்டது. தைப்பூசத்தன்று ஈப்போவில் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளின் முன்னே அதைக் கேட்கலாம். வாசிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நடவுப் பாட்டாக ஊரிலிருந்து வந்து, பால்வெட்டில் சொல் மாறிப்போன பாட்டுகளைத் திருவிழாவில் யாரும் வாசிப்பதில்லை. அவை கிழவிகளின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

பினாங்குக்கு ஒரு அகஸ்டின் போல் பேராக் தோட்டங்களுக்கு ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால், கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாரிடம் கற்றது என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறுத்தால் முதல் அடியை நீங்களே தப்பும் தவறுமாய் எடுத்துக் கொடுங்கள். திருத்துவதற்காகவாவது பாடிவிடுவார்.