கோடையில் திக்கும் எஞ்சின்

சித்திரை, வைகாசி மாதங்களில் புனே நகரம் ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் காட்டும். விடியற்காலையில் போர்வை தேடச் செய்யும் காற்று. பிற்பகல் இரண்டு மணிக்கோ 38, 40 டிகிரி வெயில். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் என்று உறவினருக்குப் பெருமையாக எழுதும் நாமே அவ்வேளையில் நிழல் தேடி ஒதுங்குகிறோம். வயது முதிர்ந்த மோட்டார் வண்டிகளின் பாடு கேட்க வேண்டியதில்லை.

ராஸ்தா பேட்டிலும், கட்கியிலும், தேஹு ரோட்டிலும் வாழும் நம்மவரில் சிறு வியாபாரத்தை நம்பிப் பிழைப்போர் பலர். அவர்களுடைய பழைய பெட்ரோல் வண்டிகள் வெயிலில் “மிஸ் அடிப்பது” ஆண்டுதோறும் கேட்கும் குறையாகும். நாம் மெக்கானிக் அல்லோம். பத்தாவது தேறி, ரயில்வே பார்சல் ஆபீசில் பேரேடு எழுதுபவர்களே. ஆயினும் சென்ற கோடையில் ஒரு வண்டியின் நோயைக் கண்டறிய நமது குமாஸ்தா வழக்கமே உதவிற்று. பிறருக்கும் பயன்படக்கூடுமென்று அதனை இங்கே எழுதுகிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளாக இந்நகரில் தேங்காயும் வாழையிலையும் விற்றுவரும் அண்ணாச்சி ஒருவர் நமக்குப் பழக்கம். குல்டேக்டி மார்க்கெட் யார்டில் விடியுமுன் சரக்கு எடுத்து, மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போட்டுவருவார். அவருடைய பழைய பிக்கப் வண்டிக்கு நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கார்புரேட்டரும் பாயிண்ட் வைத்த டிஸ்டிரிப்யூட்டரும் உடையது. மார்ச் கடைசியில் அது பிற்பகல் வேளைகளில் திக்கித் திணறத் தொடங்கிற்று. ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பிறிதொரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பணம் போயிற்றே அன்றிக் குறை போகவில்லை. முடிவில், “எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும், ரூ. 45,000 ஆகும், இல்லையேல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள்.

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக அண்ணாச்சி எடுத்து வைத்திருந்த தொகையும் ஏறக்குறைய அதுவே. “தம்பி, பணத்தை வண்டியிலே போட்டா புள்ளை படிப்பு நிக்கும். வண்டியை வித்தா அடுத்த வருஷப் படிப்பும் சேர்ந்து நிக்கும். நான் என்ன செய்ய?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் உடனடியாக விடை இல்லை.

பார்சல் ஒன்று காணாமற் போனால் நாம் இந்தியா முழுவதும் தேடுவதில்லை. எந்த நிலையம் வரை அது பதிவாகியிருக்கிறது, எங்கே பதிவு நின்றது என்று பார்க்கிறோம்; தேட வேண்டிய இடம் அங்கேயே சுருங்கிவிடும். அந்த முறையைத்தான் அண்ணாச்சிக்கும் சொன்னோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடிட்டுக் கொடுத்தோம்: நேரம், இடம், சுமை, எவ்வளவு நேரம் ஓடியபின், என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரத்தில் சரியாயிற்று. பன்னிரண்டு நாள் அவர் தவறாமல் எழுதினார்.

நோட்டு பேசிற்று. காலையில் ஒருமுறைகூட வண்டி திக்கவில்லை. ஏழு முறை திக்கியது. ஏழும் பகல் பதினொரு மணிக்குப் பிறகு, நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடிய பின்னரே. காத்ரஜ் மலையேற்றத்தில் சுமையுடன் போகையில் மிகுதி. மூடியைத் திறந்து அரைமணி நிறுத்தினால் தானே சரியாகும். பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்திருந்தால் அந்தப் பலவீனம் குளிர்ந்த காலை நேரத்திலும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே எஞ்சினை இறக்குமுன் வேறு இடம் பார்ப்பதே நியாயம் என்று பட்டது.

நானா பேட்டில் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே சிறு பட்டறை வைத்திருக்கும் மராத்தியப் பெரியவர் ஒருவரிடம் நோட்டை எடுத்துச் சென்று மராத்தியில் படித்துக் காட்டினோம். “டாக்டருக்கு ஜுர அட்டை கொண்டு வருவதுபோல் கொண்டு வந்திருக்கிறீர்கள்” என்று மகிழ்ந்தார் அந்தக் காகா. வெயிலில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு முக்கியக் காரணங்கள் மூன்று என்று அவர் விளக்கினார்.

முதலாவது, பெட்ரோல் ஆவியாதல். பெட்ரோலின் இலகுவான பகுதிகள் 40 டிகிரிக்குக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். எஞ்சினை ஒட்டியுள்ள பம்ப்பிலும் குழாயிலும் ஆவி அடைத்துக்கொண்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போதாது. இரண்டாவது, இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ சூட்டில் தளர்தல். மூன்றாவது, ரேடியேட்டர் அடைப்பு, வால்வு இடைவெளிக் குறைவு முதலியவற்றால் எஞ்சினே அளவுக்கு மீறிச் சூடேறுதல்.

முதலில், மிஸ் அடிக்கும்போதே, உறையிட்ட குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகச் சிறிது நேரம் கழற்றிப் பார்த்தார். குறை ஒரே சிலிண்டரில் இருந்தால், அதன் ஒயரைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாறுதல் இராது. இங்கே நான்கிலும் மாறுதல் தெரிந்தது. எனவே நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ரேடியேட்டர் சூடும் அளவோடுதான் இருந்தது.

மறுநாள் வண்டி திக்கியபோது பெட்ரோல் பம்ப்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி சுற்றினார்; பயனில்லை. அடுத்த நாள், முனைகளில் நீர் படாதபடி, காயிலின் உடம்பில் மட்டும் ஈரத்துணி சுற்றினார். பத்து நிமிடத்தில் ஓட்டம் சீராயிற்று. துணியை எடுத்து மீண்டும் சூடேற விட்டார், மீண்டும் திக்கிற்று. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம், இரண்டாம் முறையும் நடந்தால்தான் சாட்சி என்பது அவர் கொள்கை.

பிறகு ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தார். காயிலின் முதல் சுற்று குளிர்ந்தபோது 3.1 ஓம், சூட்டில் 3.9 ஓம். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவது இயற்கை. ஆகையால் அதில் குற்றமில்லை. ஆனால் குளிரில் சுமார் 8,000 ஓம் காட்டிய இரண்டாம் சுற்று, சூட்டில் நிலைகொள்ளாமல் தாவிற்று. உள்ளே நூலினும் மெல்லிய கம்பி எங்கோ விட்டுப்போய், குளிர்ந்தால் ஒட்டி, சூடேறினால் விலகிக்கொண்டிருந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் வகுத்து, 1910ஆம் ஆண்டில் கடிலாக் கார்களில் வந்த பாட்டரி இக்னிஷன் முறையே இவ்வகை வண்டிகளில் உள்ளது. 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது அந்தக் காயில்தான். அது நலிந்தால் பொறி நலியும். சுமையேறும் மலைப்பாதையில் அந்நலிவு முதலில் வெளிப்படும்.

அதே அளவுத் தடையுள்ள புதிய காயில் ரூ. 900, கூலி ரூ. 200. பழைய காயில் சைலன்ஸர் குழாய்ப் பக்கம் வெந்துகொண்டிருந்தது. புதியதை அங்கே மாட்டாமல், காற்றுப்படும்படி டிரைவர் அறையின் முன்தகட்டில் பொருத்தினார். வேறெதையும் அன்று தொடவில்லை. நடுப்பகலில் தேங்காய் மூட்டைகளோடு காத்ரஜ் ஏறிப் பார்த்தபோது எஞ்சின் ஓரிடத்திலும் திக்கவில்லை. ஜூன் மாதத்தில் அண்ணாச்சியின் மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

அன்பர்கள் இதே குறையால் வருந்தினால், முதலில் பத்து நாள் நோட்டு எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பெட்ரோல் வாடை இருக்கும்போது பொறி சோதிக்காதீர்கள். 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்கள் அதில் விரைவில் கெடக்கூடும் என்பதால் அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் கோடிடும் முறை வேண்டுவோர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம்மைக் கேட்கலாம். மராத்தி பேசத் தயங்குவோருடன் நானா பேட் வரை துணைக்கு வரவும் சித்தமாயிருக்கிறோம்.