சேப்பாக்கத்தில் ஒரு மாலை

சென்னைக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் புடைவைக் கடைக்கும் கோயிலுக்குமே விரைவர். நாமும் அவ்வாறே சென்றோம். மகளின் கலியாணக் கூறை எடுத்தான பின்னர் எஞ்சிய ஒரு மாலைப்பொழுதில், சேப்பாக்கத்துச் சர்வகலாசாலையைப் பார்த்துவர விரும்பினோம்.

"அங்கே என்ன இருக்குது, அப்பா?" என்றாள் மகள்.

"எங்கட ஊரார் இருவருடைய கதை இருக்குது" என்றோம்.

மெரீனாக் கடற்கரைக்கு எதிரே, கூவம் கடலை அணுகுமிடத்தில், செந்நிறச் சுவர்களுடன் நிமிர்ந்து நிற்கின்றது செனற் மண்டபம். கூவத்தின் வாடையைப் பற்றி எழுதாது விடுதலே மரியாதை. 1874 முதல் 1879 வரை சிஷோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் இதனை எழுப்பினார். மூலைக் கோபுரங்களின் குவிமாடங்களில் மாலை வெயில் படிந்திருந்தது. நாம் கடையிலே காலந்தாழ்த்தியதால், உட்புகும் நேரம் கடந்துவிட்டது. வெளியே மரநிழலில் நின்றே கண்ணாரக் கண்டோம்.

சர்வகலாசாலை தோன்றியது 1857இல். அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும். அவர்கள் பட்டம் பெற்றபோது இம்மண்டபத்துக்கு அத்திவாரந்தானும் இடப்படவில்லை. பாக்குநீரிணை கடந்து வந்து, புதிதாய்த் திறந்த வாயிலில் முதற்காலடி வைத்த துணிவை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மிகுகின்றது.

ஆயினும் பட்டத்தினாலன்று தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் போற்றுவது. உத்தியோகத்தினிடையே ஊர் ஊராக ஏடு தேடினார். தொட்டால் உதிரும் ஓலைகளை ஒப்புநோக்கி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இன்னும் சில ஆண்டு தாமதித்திருப்பின் எவையெவை கறையானுக்கு இரையாகியிருக்குமோ!

இதனை மகளுக்குச் சொல்லி வருகையில் நம் குரல் தடைப்பட்டது. நம் பாட்டனார் வைத்திருந்த ஏட்டுக்கட்டொன்று வீட்டுப் பரணிலே கிடந்தது. 1995இல் இடம்பெயர்ந்தபோது அரிசியையும் உறுதிகளையும் எடுத்தோம், அதனை எடுக்கவில்லை. திரும்பிச் சென்றபோது பரணும் இல்லை, கூரையும் இல்லை.

மகள் கூறைப் பையைத் தரையில் வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்தாள்.

"அந்த ஏட்டில என்ன எழுதியிருந்தது, அப்பா?"

நாம் அதனை ஒருநாளேனும் அவிழ்த்துப் பார்த்ததில்லை.