பாட்டுக்கும் ஒரு உபயம்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு அண்ணன் சுவத்துல ஒட்டியிருந்த உபயப் பட்டியலைப் பார்த்துட்டு கேட்டார். "பூ உபயம், பால் உபயம், அன்னதான உபயம் எல்லாம் சரி. இது என்ன புதுசா தேவார உபயம்? சாமி பாட்டு பாடுறதுக்கு காசா? சேவைதானே அது?" பின்னாடி வரிசை நின்னுச்சு. அதனால சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா மனசுல அது உக்காந்துக்கிச்சு. அதான் இன்னைக்கு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் தமிழ்ப்பள்ளி. அப்புறம் எஸ்பிஎம் வரைக்கும் மலாய்ப் பள்ளி. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கிறேன். இதே கேள்வியை ஆறு வருஷத்துக்கு முன்னாடி நிர்வாகக் கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டவன் நான்தான்.

நம்ம ஆலயம் தோட்டத்துக் கோயிலா இருந்து, தோட்டம் போனதும் தாமான் பக்கம் வந்த கோயில். நிபோங் திபால் பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கதை தெரியும், எல்லா ஊருலயும் இப்படி ஒரு கோயில் இருக்கு. இங்க வந்த புதுசுல பாட்டுன்னா ஒலிபெருக்கியில கேசட் போடுறதுதான். அப்புறம்தான் ஓதுவார் ஐயா வந்தார். புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மோட்டார்ல வருவார். பத்து பன்னிரண்டு பிள்ளைங்களுக்கு தேவாரம் சொல்லிக் கொடுப்பார். பேர் போட வேணாம்னு சொல்லியிருக்கார், அதனால போடல. பதினேழு வருஷமா வர்றார். அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க இப்போ தாதி, ஆசிரியர், ஒருத்தன் சிங்கப்பூர்ல வெல்டர். மலேசிய இந்து சங்கம் வருஷாவருஷம் நடத்துற திருமுறை ஓதும் விழாவுல வட்டாரம் தாண்டி மாநிலம் வரைக்கும் நம்ம பிள்ளைங்க போயிருக்காங்க. கேடயம் எல்லாம் ஆபீஸ் அலமாரியில இருக்கு. தூசு தட்டுறது என் வேலை.

அந்தக் கூட்டத்துல நம்ம பொருளாளர் சொன்னார், ஐயாவுக்கு மாசம் நூறு வெள்ளி எண்ணெய்க் காசாவது கொடுக்கலாம்னு. நான் எழுந்தேன். "அண்ணே, நாங்க எல்லாம் சும்மாதானே பாத்திரம் கழுவுறோம், கார் பார்க் பாக்குறோம்? ஒருத்தருக்குக் காசு கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும். சேவைக்கு விலை வைக்காதீங்க." கை தட்டுனாங்க. தீர்மானம் விழுந்துடுச்சு. நல்லா பேசிட்டோம்னு வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட கூட சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. சாப்பாடு மட்டும் போட்டாங்க.

மூணு வருஷம் கழிச்சு, ஐயா திடீர்னு வரல. ஒரு செவ்வாய், ரெண்டு செவ்வாய், அப்படியே ரெண்டு மாசம். போன் பண்ணா "கொஞ்சம் வேலை தம்பி" என்பார். நாங்க என்ன நினைச்சோம்? திருவிழாவுல மாலை போடும்போது அவர் பேர் விட்டுப்போச்சு, அந்தக் கோபமா இருக்கும்னு. நம்ம ஆளுங்களுக்கு எதுவுமே மாலை விஷயமாத்தான் தெரியும்.

கடைசியில நானும் பொருளாளரும் அவர் வீட்டுக்குப் போனோம். வாசல்ல மோட்டார் நின்னுச்சு, மேல பிளாஸ்டிக் போட்டு மூடி. இஞ்சின் போயிடுச்சாம். பட்டறையில 380 வெள்ளி கேட்டிருக்காங்க. "பி.எஃப். காசு முடிஞ்சுபோச்சு தம்பி, பிள்ளைங்ககிட்ட கேக்க மனசு வரல. மெதுவா சேர்த்து செஞ்சிடலாம்னு இருக்கேன்." அவ்வளவுதான் சொன்னார். கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள இருந்து அம்மா கோப்பி கொண்டு வந்தாங்க.

அந்த மாசம் நம்ம திருவிழாக் கணக்கு என் பையிலதான் இருந்துச்சு. மேடை விளக்குக்கு 1,800 வெள்ளி. வெளியில இருந்து கூப்பிட்ட மேளக் குழுவுக்கு மூணு நாளுக்கு 4,500. நாதஸ்வரத்தை நான் குறை சொல்லல. அது இல்லாம சாமி புறப்பாடு ஏது? அவங்களும் கலைஞர்கள், அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா வெளியில இருந்து வந்தா அது சம்பளம், நம்ம வீட்டு ஆளு பாடுனா அது சேவை. இந்தக் கணக்கை யார் போட்டது? நான்தான் போட்டேன். கை தட்டு வாங்கிப் போட்டேன். கோப்பி தொண்டையில இறங்கல.

மோட்டார் செஞ்சு கொடுத்தோம். அது ஒரு பெரிய விஷயம் இல்ல.

அப்புறம் ஒரு நாள் டீக்கடையில ஐயா ஒரு விஷயம் சொன்னார். தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டின ராஜராஜ சோழன், அங்க தேவாரம் பாட 48 பேரை வச்சானாம். கூடவே உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருத்தர். மொத்தம் 50 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு குறுணி நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லுல வெட்டி வச்சிருக்கான். ஒரு கலத்துக்கு 12 குறுணின்னா, நாலு நாளைக்கு ஒரு கலம் நெல்லு ஒருத்தருக்கு. அது மட்டும் இல்ல. பாடுறவர் செத்துட்டாலோ ஊரை விட்டுப் போயிட்டாலோ, அந்த நெல்லும் வேலையும் அவருக்கு நெருங்கின சொந்தக்காரருக்குப் போகும். அந்த ஆளுக்குத் தகுதி இல்லேன்னா தகுதி உள்ள இன்னொருத்தரை அவர் நிறுத்தணும். அதையும் எழுதி வச்சிருக்கான்.

நான் இருபத்தஞ்சு வருஷமா தொழிற்சாலையில ஷிப்ட் பாக்குறவன். ஒரு ஆளு லீவு போட்டா அந்த மெஷின்ல யாருன்னு முதல்லயே எழுதி வைக்கலேன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ராஜராஜன் நல்ல சூப்பர்வைசர். தேவாரம் பாடுறது சேவைன்னு அவனுக்குத் தெரியாதா என்ன?

சரி, காசுக்கு எங்க போறது? மானியம் கேட்கலாம்னு முடிவு பண்ணோம். கலை, பண்பாட்டுக்கு உதவி கொடுக்குற ஒரு இடத்துக்குப் பாரம் நிரப்பி அனுப்பினோம். திரும்பி வந்துடுச்சு. அந்த ஆபீஸ் மேல தப்பு இல்ல. தேவாரக் குழுவுக்குன்னு வங்கிக் கணக்கு இல்ல, ஒரு ஆளு பேருல இருந்துச்சு. பதினேழு வருஷம் வகுப்பு நடந்திருக்கு, வருகைப் பதிவு ஒரு தாள் கிடையாது. படம் கேட்டாங்க, எல்லாப் படத்துலயும் சாப்பாட்டுப் பந்திதான் இருக்கு, பாடுற படம் மூணே மூணு. என்ன செலவு செஞ்சீங்கன்னா ரசீது இல்ல. நம்ம பிள்ளைங்க பாடுனது உண்மை. ஆனா தாள்ல அவங்க இல்லவே இல்ல.

மானியம் விண்ணப்பிக்க நினைக்கிற மற்ற கோயில் நண்பர்களுக்குச் சொல்றேன். பாரம் கடைசி வேலை. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வருகைப் பதிவு, ரசீதுப் புத்தகம், கோயில் பேருல கணக்கு, கூட்டக் குறிப்பு இதெல்லாம் ஆரம்பிக்கணும். ஆர்ஓஎஸ் பதிவு ஒழுங்கா இருக்கணும், ஆண்டறிக்கை நேரத்துக்குப் போகணும். "கலையை வளர்க்க" என்று எழுதாதீங்க. எத்தனை பிள்ளைங்க, எத்தனை வகுப்பு, எந்தச் சாமானுக்கு எவ்வளவு, அதை எழுதுங்க. ஆர்மோனியத்துக்கு ரெண்டு கடையில விலை வாங்கி இணைச்சு வைங்க. ரெண்டாவது தடவை நாங்க அப்படித்தான் செஞ்சோம். கேட்டதுல பாதி கிடைச்சது. அதுல ஒரு ஆர்மோனியம், ஒரு ஜோடி தபேலா, ஒரு சின்ன ஸ்பீக்கர் செட். (சம்பந்தர் காலத்துல ஆர்மோனியம் ஏது, அவர் கூட யாழ் வாசிச்சவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்று ஐயா ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் ஆர்மோனியத்துல கை வைப்பார்.)

அந்தச் சாமான் ஒரு வாரத்துல ஆறு நாள் சும்மா இருக்கு. பக்கத்துல மூணு சின்னக் கோயில் இருக்கு, அங்கயும் பாடுற பிள்ளைங்க இருக்காங்க, ஆனா ஒரு தபேலா கூட இல்ல. அப்போதான் எனக்கு எங்க டூல் ரூம் ஞாபகம் வந்துச்சு. அங்க ஒரு ஸ்பேனர் எடுக்கணும்னாலும் நம்பர், கையெழுத்து, எடுத்த நேரம், திருப்பின நேரம். நாலு கோயிலும் சேர்ந்து அதே மாதிரி ஒரு புத்தகம் போட்டோம். ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் ஒட்டினோம். யார் எடுத்தாங்க, எப்படி இருந்துச்சு, எப்படித் திரும்புச்சு.

எல்லாம் அழகா நடந்துச்சுன்னு நினைக்காதீங்க. முதல் மாசமே ஆர்மோனியத் துருத்திக்குள்ள கரப்பான் குடும்பம் நடத்துச்சு. மழைக்காலத்துல தபேலாத் தோல் தளர்ந்து போயி, சுருதி சேர்க்கத் தெரியாத ஒருத்தர் சுத்தியலால அடிச்சு ஒரு பக்கம் கிழிச்சுட்டார். அப்புறம் உருமி மேளப் பசங்க ஸ்பீக்கரை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயி, சத்தம் ஏத்தி, உள்ள ஒண்ணைக் கருக்கிட்டு வந்தாங்க.

அன்னைக்குக் கூட்டத்துல பெரியவங்க எல்லாம் எழுந்துட்டாங்க. "உருமிப் பசங்களைச் சேர்க்காதீங்கன்னு அப்பவே சொன்னோம்." அந்தக் குழுவுல பெரிய பையனுக்கு இருபத்திரண்டு வயசு, லோரி அட்டெண்டன்ட். அவன் எழுந்து, "அங்கிள், புத்தகத்துல என் கையெழுத்து இருக்கு. நான் செஞ்சு தர்றேன்" என்றான். மூணு வாரத்துல செஞ்சும் கொடுத்தான். அதோட விடல. அவங்ககிட்ட ஒரு பழைய வேன் இருக்கு. இப்போ நாலு கோயிலுக்கும் சாமான் ஏத்தி இறக்குறது அவங்கதான். பதிலுக்கு அவங்க பயிற்சிக்கு நம்ம மண்டபம், ஒன்பதரை மணி வரைக்கும். அதுக்கு மேல தட்டினா பக்கத்து வீட்டு ஆப்பே வந்துடுவார், நியாயம்தான். அந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் செவ்வாய்க்கிழமை சீக்கிரமே வந்து பின்னாடி உக்காந்து தேவாரம் கேக்குறாங்க. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடுவேன். பார்த்தேன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவாங்க.

இனி தேவார உபயத்துக்கு வர்றேன். மானியம் சாமானுக்கு வரும், ஆளுக்கு வராது. அடுத்த வருஷம் வருமான்னும் சொல்ல முடியாது. ஐயாவுக்கு மாசாமாசம் என்ன செய்றது? இதுக்கு வழி சொன்னது நான் இல்ல, என் பொண்டாட்டி. "பூவுக்கு உபயம் போடுறோம், அது ராத்திரியே வாடிப்போகுது. பாட்டுக்கும் ஒரு உபயம் போட்டா என்ன?" அவ்வளவுதான். ஒரு வகுப்புக்கு 50 வெள்ளி. உபயகாரர் பேர் அன்னைக்குப் பலகையில எழுதுவோம், பூஜையில பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை உண்டு. 30 வெள்ளி ஐயாவுக்கு, 10 வெள்ளி தபேலா வாசிக்கிற பையனுக்கு, 10 வெள்ளி சாமான் பழுதுக்கு.

ஐயா முதல்ல ஒத்துக்கல. வேணாம் வேணாம்னு தலை ஆட்டினார். நான் ராஜராஜன் கதையை அவருக்கே திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ அந்த மத்தளக்காரனுக்கும் உண்டுல்ல?" என்று கேட்டார். தபேலாப் பையனுக்குப் பத்து வெள்ளி வந்தது அப்படித்தான்.

முதல் ரசீதுல கையெழுத்துப் போடும்போது கண்ணாடியை ஏத்திக்கிட்டு, "தம்பி, தேதி போடணுமா?" என்றார். போடணும் ஐயா, மானியத்துக்குக் கேப்பாங்க என்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் பேசுன பேச்சு அவருக்குத் தெரியுமான்னு தெரியல. நான் சொல்லல. இப்போ இதைப் படிச்சா தெரிஞ்சிடும். மன்னிச்சுக்குங்க ஐயா.

வெள்ளிக்கிழமை கேட்ட அண்ணனுக்கும் இதுதான் என் பதில். உங்க மேல கோபம் இல்லண்ணே.

இந்த மாசம் நாலு செவ்வாய்ல ரெண்டுக்கு உபயகாரர் கிடைச்சாச்சு, ரெண்டு காலியா இருக்கு. வகுப்பு ராத்திரி 7.30, பிள்ளைங்க ஆறு வயசுல இருந்து சேரலாம், பெரியவங்களும் வரலாம். உருமி கத்துக்க நினைக்கிற பசங்க வியாழக்கிழமை. வீட்டுல கட்டிலுக்கு அடியில பழைய தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம் தூங்குதுன்னா கொண்டு வாங்க, தோல் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. ரெண்டாம் நம்பர் ஆர்மோனியத்தை ஆடி மாசம் எடுத்துட்டுப் போனவங்க இன்னும் புத்தகத்துல திருப்பினதுக்குக் கையெழுத்துப் போடல. யாருன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து போட்டுடுங்க.